குண்டூசி குத்திய பக்கங்கள்

பாரிசில் ஒரு தாய், மகளின் கையில் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் தானே ஒருமுறை படித்துப் பார்ப்பார். பெண்பிள்ளை படிக்கக் கூடாத இடம் என்று பட்டால் அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்திவிடுவார். எச். ஜி. வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ நாவலில் ஓர் அத்தியாயமே அப்படி மூடிக் கிடந்தது. ஊசியைக் கழற்றுவது ஒரு நொடி வேலை. மகள் கழற்றவில்லை. உள்ளே அப்படி என்னதான் இருக்கும் என்ற யோசனை மட்டும் அவரை விடவில்லை. அந்த மகள் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வார். 1908 ஜனவரி 9 அன்று பிறந்தவர், ஐம்பது வயதில், 1958இல், ‘ஒழுங்கான ஒரு பெண்ணின் நினைவுகள்’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டபோது அந்தக் குண்டூசியை மறக்காமல் எழுதினார்.

இன்னொரு காட்சி. 1946 ஜனவரி, அமெரிக்காவின் அயோவா சிட்டி. மாணவியர் விடுதியில் தங்கிப் படிக்கும் இருபது வயதுப் பெண் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் கடவுளுக்கே நேராக எழுதத் தொடங்குகிறார். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை, இங்கே படிப்பதெல்லாம் என் விசுவாசத்தைக் கரைத்துவிடுமோ என்ற பயம், செபத்தில் மனம் நிற்கவில்லையே என்ற வெட்கம், எல்லாம் அதில் இருக்கின்றன. 1947 செப்டம்பர் வரை எழுதினார். அதை எவரிடமும் காட்டியதாகத் தெரியவில்லை. அவர் அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர். 1925 மார்ச் 25 அன்று பிறந்தவர். அந்த நோட்டு அச்சில் வந்தது 2013இல், அவர் இறந்து 49 ஆண்டுகளுக்குப் பிறகு.

இருவரும் கத்தோலிக்க வீட்டில் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்டவர்கள். இருவரும் பல்கலைக்கழகத்தில் தங்கள் வளர்ப்பை உரசிப் பார்த்தவர்கள். ஒருவர் விசுவாசத்தை விட்டார், மற்றவர் சாகும்வரை விடவில்லை. இவர்களை ஒப்பிடுகிறவர்கள் ஒருத்தியின் அறிவு வென்றது, மற்றொருத்தியின் பக்தி வென்றது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இருவருடைய எழுத்தையும் அடுத்தடுத்து வாசித்தபோது என் கண்ணில் பட்டது வேறு. பல்கலைக்கழகம் இவர்களிடம் கேட்ட கேள்விகள் அவ்வளவு வேறுபட்டவையாக இல்லை. சந்தேகம் வந்தால் அதை யாரிடம் சொல்லலாம் என்பதில்தான் இரண்டு வளர்ப்புகளும் பிரிந்தன.

பொவ்வார் வீட்டில் தந்தை ஜார்ஜ் சட்டம் படித்தவர், நாடகப் பித்தர், பூசைக்குப் போகாதவர். தாய் பிரான்சுவாஸ் வெர்தன் நகரத்து வங்கிக் குடும்பத்துப் பெண். கன்னியர் மடத்தில் படித்தவர். சிமோனையும் தங்கை எலெனையும் செபத்திலும் பூசையிலும் ஊறவைத்து வளர்த்தவர். மனைவியின் பக்தியில் கணவருக்கு ஆட்சேபணை இல்லை. அது பெண்களுக்கு உரிய விஷயம் என்று அவர் விட்டுவிட்டார். ஆக, புத்தகமும் அறிவும் அப்பா பக்கம், புனிதமும் கண்டிப்பும் அம்மா பக்கம். இரண்டும் ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்றை ஒன்று கேள்வி கேட்காமல் சாப்பிட்டன. அந்தக் கேள்விகளைக் கேட்கும் வேலை சிறுமியின் தலையில் விழுந்தது. தன் வாழ்க்கை ஓயாத வாதமாக மாறியதற்கும் தான் சிந்திப்பவளாக ஆனதற்கும் இந்தப் பிளவே முக்கியக் காரணம் என்று பின்னாளில் அவரே கணித்திருக்கிறார்.

ஓ’கானர் வீட்டில் அந்தப் பிளவு கிடையாது. ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் அவர்கள் வீடு பேராலயத்துக்கு நேரெதிரே, லஃபாயெட் சதுக்கத்தில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஐரிஷ் வழிக் கத்தோலிக்கர்கள். அருட்சகோதரிகள் நடத்திய பள்ளி. காவல் சம்மனசு (தேவதூதர்) எந்நேரமும் கூடவே இருக்கிறது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சிறுமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முஷ்டியை மடக்கி, அந்தச் சம்மனசை அடிக்கச் சுற்றிச் சுற்றி வந்தாராம். பெரியவரான பிறகு ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அடிக்க ஓங்கும் கைக்கு, எதிரே ஒருவர் நிற்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும்.

ஓ’கானருக்கு வேறுபாடு வீட்டுக்கு வெளியே இருந்தது. ஜார்ஜியா பாப்டிஸ்டுகளும் மெதடிஸ்டுகளும் நிறைந்த நாடு. கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர். தாயின் ஊரான மில்லெட்ஜ்வில்லில் கத்தோலிக்கக் கோயில் எழுந்த நிலமே தாய்வழி முன்னோர் கொடுத்ததுதான். அந்த ஊரில் அவர் கத்தோலிக்கர் அல்லாத உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஜார்ஜியா அரசு மகளிர் கல்லூரியிலும் படித்தார். நாம் நம்புவதை அக்கம்பக்கத்தார் நம்புவதில்லை, அது விநோதம் என்றுகூட நினைக்கிறார்கள் என்பது அவருக்குச் சிறுவயதிலேயே பழகிவிட்ட உண்மை. சிமோனுக்கோ அடுத்த வீடும் கத்தோலிக்கம், பள்ளியும் கத்தோலிக்கம், அப்பாவின் நண்பர்களுடைய மனைவிமார்களும் கத்தோலிக்கம். மறுத்துப் பேசும் ஒரே குரல் சொந்த அப்பாவின் மௌனம். எதிர்ப்பு வெளியிலிருந்து வந்தால் வீட்டார் கூட நிற்பார்கள். அது வீட்டுக்குள்ளிருந்தே வரும்போது பெண்பிள்ளை தனியாகிறாள்.

இரண்டு குருமார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிமோன் படித்த கூர் தெசிர் என்ற கத்தோலிக்கத் தனியார் பள்ளியில் பாவசங்கீர்த்தனம் கேட்டவர் மார்த்தேன் சாமியார். பல ஆண்டுகளாகச் சிறுமி தன் ஆத்துமத்தின் நுட்பமான நோவுகளையெல்லாம் அவரிடம் கொட்டிவந்தார். செபத்தில் கவனம் சிதறியது, கடவுளை மறந்திருந்தது, இப்படி. கடவுளின் காதிலேயே பேசுவதாக நினைப்பு. ஒருநாள் அந்தச் சாமியார், என் சின்ன சிமோன் முன்போல் இல்லையாமே, கீழ்ப்படிவதில்லையாமே, பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறாளாமே என்று கேட்டுவிட்டார். பள்ளியில் யாரோ சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கிறது. சிமோனுக்கு முகம் எரிந்தது. கடவுளின் பிரதிநிதி என்று நம்பியவர் பள்ளி மேற்பார்வையாளரின் இன்னொரு கண்ணாக இருந்திருக்கிறார். எழுந்து போனவர் அவரிடம் திரும்பவே இல்லை. வேறு குருக்களைத் தேடினார், மனம் ஒட்டவில்லை.

பெரியவர்கள் கண்ணுக்கு அது அற்பச் சம்பவம். குருவானவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு சிமோனுக்குக் கடவுளிடம் பேசத் தனியிடம் இல்லாமல் போனது. தாய் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார். பள்ளி வகுப்பிலேயே தாய்மார்கள் வந்து உட்காருவார்கள். மகளின் பாடத்தோடு கூடவே போக வேண்டும் என்று பிரான்சுவாஸ் ஆங்கிலமும் லத்தீனும் கற்றுக்கொண்டார். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நடுவயதில் மகளுக்காக லத்தீன் படிக்கும் தாய் எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. ஆனால் அந்த அன்பு மகளுக்கு மூச்சுவிட இடம் வைக்கவில்லை. மிச்சமிருந்த ஒரே மூலை பாவசங்கீர்த்தனத் தொட்டி. அதுவும் போயிற்று.

அயோவாவில் நடந்தது வேறு. ஃபிளானரிக்கு எழுத்தில் பாலுறவும் வன்முறையும் வரும்போது ஒரு கலக்கம் இருந்தது. என் கதையைப் படித்து ஒருவர் பாவத்தில் விழுந்தால் அந்தப் பாவம் எனக்குச் சேருமா? சாவான பாவம் என்ற சொல்லை ஞானோபதேச வகுப்பில் கற்ற எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடிய கேள்விதான். அயோவா சிட்டியில் ஒரு குருவிடம் கேட்டார். அவர் வழக்கமான பத்து சென்ட் துண்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, பதினைந்து வயதுப் பெண்களுக்காக நீ எழுத வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். யார் வீட்டுப் பெண், அம்மாவுக்குத் தெரியுமா என்ற விசாரணை இல்லை. கேள்வி எங்கே கேட்கப்பட்டதோ அங்கேயே பதிலும் கிடைத்தது. திருச்சபையை விட்டுப் போகாமலேயே ‘வைஸ் பிளட்’ போன்ற நாவலை எழுதலாம் என்ற தைரியத்துக்கு அந்தச் சிறு வாக்கியமும் ஒரு படி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிமோனின் விசுவாசத்தைச் சோர்போன் பல்கலைக்கழகம் பறித்துவிடும் என்று கூர் தெசிர் ஆசிரியைகள் பயந்தார்கள். தத்துவம் ஆத்துமத்தைக் கெடுக்கும், ஒரு வருடம் போதும், பெண் மதத்தையும் ஒழுக்கத்தையும் இழந்துவிடுவாள் என்று பிரான்சுவாஸை எச்சரித்தார்கள். அதனால் 1925இல் முதலில் கத்தோலிக்கக் கல்விக்கழகத்தில் கணிதமும், நெய்யியில் மதாம் தனியேலு நடத்திய சேந்த் மரி நிறுவனத்தில் இலக்கியமும் படிக்க ஏற்பாடாயிற்று. ஆனால் பாதுகாக்க நினைத்த பொருள் அதற்கு முன்பே வீட்டில் இல்லை. பதினாலு பதினைந்து வயதில், லிமூசேன் பகுதியில் தாத்தாவின் மெரின்யாக் பண்ணை வீட்டில், ஒரு கோடைப் பகலை அவர் தின்னக் கூடாத ஆப்பிளைத் தின்றும் படிக்கக் கூடாத பல்சாக்கைப் படித்தும் கழித்தார். இரவு சன்னலோரம் நின்றபோது, இந்த உலகத்துச் சந்தோஷங்களை எதற்காகவும் விடமாட்டேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. கூடவே கடவுள் இல்லை என்பதும். தர்க்கம் பேசி வந்த முடிவாக அதை அவர் சொல்லவில்லை. நம்பிக்கை ஏற்கெனவே போய்விட்டிருந்ததை அன்று கவனித்தார், அவ்வளவே.

கவனித்ததை உடனே யாரிடமும் சொல்லவில்லை. பூசைக்குப் போனார், முழங்காலிட்டார், நம்பாமலே நற்கருணை வாங்கினார். பல்கலைக்கழகக் காலம் இந்த இரட்டை வாழ்க்கையை விரித்தது. கத்தோலிக்க ஆசிரியர் ரொபேர் காரிக், தொழிலாளர் இளைஞர்களுக்குப் பாடம் சொல்ல மாணவர்களைத் திரட்டி நடத்திய அணிகளில் சிமோனும் சேர்ந்து பெல்வில் பகுதிக்குப் போய்வந்தார். பிறகு அதில் ஆர்வம் விட்டுப்போயிற்று. ஆனால் வீட்டில் பெல்வில் என்ற பெயர் மட்டும் நீடித்தது. அங்கே போவதாகச் சொல்லிவிட்டு மொம்பர்னாஸ் மதுக்கூடங்களுக்குப் போனார். ஒதியோன் தெருவில் அட்ரியன் மோனியேயின் வாடகை நூலகத்தில் உறுப்பினராகி ழீத், கிளோதெல், வலேரி என்று அள்ளிப் படித்தார். குண்டூசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கழன்ற காலம் அது.

இங்கே ஃபிளானரியைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ழீத்தின் நூல்கள் 1952இல் திருச்சபையின் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 1950களின் பிற்பகுதியில், பெயர்பெற்ற எழுத்தாளரான பிறகு, வாசகர் குழு ஒன்றில் ழீத்தை விவாதிக்க வேண்டி வந்தபோது ஃபிளானரி ஒரு குருவுக்கு எழுதி அனுமதி கேட்டார். முப்பது வயது தாண்டிய பெண், தடைப் பட்டியலை இவ்வளவு மதித்து, அதே சமயம் கூச்சமும் இல்லாமல் கேட்கிறார். பதினெட்டு வயதில் யாரையும் கேட்காமல் ழீத்தைப் படித்தவரின் ‘இரண்டாம் பாலினம்’ (1949) 1956இல் அதே பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பட்டியலே 1966இல் கைவிடப்பட்டது. ஒருவர் வாசலில் நின்று அனுமதி கேட்ட வீட்டில், மற்றவர் எழுதிய நூலுக்கே இடமில்லை.

இதில் யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஃபிளானரியின் அடக்கத்தைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் அயோவா ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1945இல் இதழியல் படிக்க உதவித்தொகையோடு போனவர், சேர்ந்த கையோடு எழுத்துப் பயிலரங்கின் தலைவர் பால் எங்கிளின் அறைக்குப் போய் நின்றார். ஜார்ஜியா உச்சரிப்பு எங்கிளுக்குப் புரியவில்லை. எழுதிக் காட்டச் சொன்னார். நான் பத்திரிகைக்காரி அல்ல, இங்கே சேரலாமா என்ற கருத்தில் எழுதிக் கொடுத்தார். அங்கே படித்தவர்களில் பலர் போரிலிருந்து திரும்பிய ஆண்கள். மேரி ஃபிளானரி என்ற பெயரில் முன்பாதியை வெட்டியதும் அந்தக் காலத்தில்தான். ஒவ்வொரு நாளும் அம்மா ரெஜினாவுக்குக் கடிதம். பெரும்பாலான காலைகளில் விடுதிக்கு அருகே புனித மரியாள் கோயிலில் பூசை. அந்தக் கோயிலில் யாரோடும் பழக்கமில்லை. ஆனாலும் வாசலைத் தாண்டியதும் சொந்த வீட்டுக்குள் வந்தது போல இருந்தது என்று பின்னால் நினைவுகூர்ந்தார்.

விசுவாசத்தை விடாமல் படிப்பதற்கு மில்லெட்ஜ்வில் கல்லூரியிலேயே ஒத்திகை நடந்துவிட்டது. ஜார்ஜ் பைஸ்வாங்கர் என்ற பேராசிரியர் நவீனத் தத்துவம் நடத்தினார். இடைக்காலச் சிந்தனையைத் தாண்டி வந்ததே மனித அறிவின் முன்னேற்றம் என்ற பார்வை அந்தப் பாடத்தில் இருந்தது. ஃபிளானரி கவனமாகக் கேட்டார், குறிப்பெடுத்தார், ஒரு சொல்லையும் நம்பவில்லை. அது அவர் முகத்திலேயே ஆசிரியருக்குத் தெரிந்தது. இடைக்கால இறையியலாளர் அக்குவினாஸைக் கரைத்துக் குடித்த மாணவியின் மதிப்பு அந்த ஆசிரியருக்கு உடனே புரிந்தது. அயோவாவுக்கு விண்ணப்பிக்கத் தூண்டியவரே அவர்தான். மாணவி ஏற்காத கொள்கையைக் கற்பித்தவர் மாணவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஆசிரியத் தொழிலில் இதைவிட மேலான செயல் எனக்குத் தெரியாது.

அதனால் ஃபிளானரிக்குச் சோதனையே இல்லை என்று ஆகிவிடாது. நோட்டைப் படித்தால் தெரியும். உளவியல், ஃபிராய்டு, புரூஸ்ட், லாரன்ஸ், காஃப்கா எல்லாம் தலைக்குள் மோதுகின்றன. விசுவாசம் என்பது மனத்தின் ஏதோ ஒரு தேவைக்காக நாமே செய்துகொண்ட பொருள் என்று இந்தப் படிப்பாளிகள் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வெளிப்படையாகவே வருகிறது. நரகத்தைக் கற்பனை செய்ய முடிகிறது, மோட்சத்தை முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். தன் நிழலே குறுக்கே விழுந்து கடவுளை மறைக்கிறது என்கிறார். நோட்டின் கடைசிப் பதிவில், அன்று தின்ற பலகாரமும் உடலின் ஆசையும் மட்டுமே மனத்தை நிறைத்திருப்பதாக எழுதி, எதையும் அலங்கரிக்காமல் நிறுத்திவிடுகிறார். சிமோனும் இதே வயதில் குறிப்பேடுகள் எழுதினார். பின்னாளில் நூலாகவும் வந்தன. அவர் தன்னிடமே பேசினார். ஃபிளானரியின் நோட்டில் ஒவ்வொரு சந்தேகமும் ‘நீர்’ என்று விளித்துச் சொல்லப்படுகிறது. நீர் இல்லாமல் போய்விடுவீரோ என்று பயப்படுகிறேன் என்பதைக் கடவுளிடமே போய்ச் சொல்கிற பெண்ணின் சந்தேகம் உறவுக்குள்ளேயே நிகழ்கிறது. கணவன்மீது உள்ள மனத்தாங்கலைக் கணவனிடமே சொல்ல முடிகிற வீட்டைப் போல.

சோர்போனில் சிமோனை ஆழமாகத் தைத்த கேள்வி கடவுளைப் பற்றியதே அல்ல. 1927இல் பொதுத் தத்துவச் சான்றிதழ்த் தேர்வில் முதலிடம் சக மாணவி சிமோன் வெய்லுக்கு, இரண்டாமிடம் பொவ்வாருக்கு. சீனாவில் பஞ்சம் என்ற செய்தி கேட்டு வெய்ல் அழுதார் என்று கேள்விப்பட்டு பொவ்வார் அவரைத் தேடிப் போய்ப் பேசினார். எல்லோருக்கும் சோறு போடும் புரட்சிதான் இன்றைக்கு வேண்டியது என்றார் வெய்ல். மனிதருக்கு வாழ்வின் பொருளைக் கண்டு சொல்வதே முக்கியம் என்றார் பொவ்வார். வெய்ல் அவரை மேலும் கீழும் பார்த்து, நீ பட்டினி கிடந்தவள் இல்லை என்று தெரிகிறது என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிப் பேச்சை முடித்தார். கடவுளை விட்டவர் இன்னும் தன் வர்க்கத்தை விடவில்லை என்பதை அந்தப் பார்வை காட்டிக்கொடுத்தது. யூதக் குடும்பத்தில் மதப்பற்றின்றி வளர்ந்த வெய்ல் பின்னாளில் கிறிஸ்துவை நோக்கி நடந்தார். அவருடைய நூல்களை 1955 வாக்கில் ஆர்வத்தோடு படித்தவர்களில் ஒருவர் ஃபிளானரி.

வர்க்கம் என்று வந்ததால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. சிமோன் பல்கலைக்கழகத்துக்குப் போனதே வீடு நொடித்ததால்தான். தாய்வழித் தாத்தாவின் வங்கி மூழ்கியது. பேசிய சீதனம் வரவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு தந்தையின் பணமும் கரைந்தது. 1919இல் ரென் தெருவில் லிஃப்ட் இல்லாத, குளியலறை இல்லாத வீட்டுக்குக் குடிபோனார்கள். உங்களுக்குக் கொடுக்கச் சீதனம் இல்லை, கல்யாணம் நடக்காது, வேலைக்குத்தான் போக வேண்டும் என்று தந்தை மகள்களிடம் சொல்லிவிட்டார். நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சீதனம் இருந்திருந்தால் அந்த வீடு மகளைச் சோர்போனுக்கு அனுப்பியிருக்காது. நல்ல கத்தோலிக்கக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கும்.

சீதனம் இருந்த வீட்டில் நடந்ததற்குச் சாட்சி ஸாஸா.

எலிசபெத் லக்வான், வீட்டில் ஸாஸா. கூர் தெசிரில் சிமோனுக்குப் பக்கத்து இருக்கை. ஒன்பது பிள்ளைகள் உள்ள செல்வக் கத்தோலிக்கக் குடும்பம். சிமோனைவிடக் கூர்மையான நாக்கு, பியானோ, வயலின், இலக்கியம். ஸாஸாவும் சோர்போனில் இலக்கியம் படித்தார், ஆனால் விடுமுறையையெல்லாம் விருந்தினர் உபசரிப்பும் தேநீர் விருந்துகளும் பெண் பார்க்கும் ஏற்பாடுகளும் விழுங்கின. ஒரு விடுமுறையில் அதிலிருந்து சில நாள் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே தன் காலில் தானே கோடரியால் வெட்டிக்கொண்டார். படிப்பதற்குத் தனிமை வேண்டி ஒரு பெண் தன் காலை வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு ஒவ்வொரு முறையும் நேரமாகிறது.

பிறகு சிமோனின் நண்பர் மொரிஸ் மெர்லோ-போந்தி வந்தார். அப்போது அவர் விசுவாசமுள்ள கத்தோலிக்கர், படிப்பில் முதல்தரம், ஸாஸாமீது அன்பு கொண்டவர். ஸாஸா கேட்டது கலகம் எதுவுமில்லை. தன் மதத்துக்குள்ளேயே தானே தேர்ந்த ஒருவர். ஆனால் லக்வான் குடும்பம் ஆள் வைத்து விசாரித்து, மெர்லோ-போந்தியின் பிறப்பு முறையான திருமணத்துக்கு வெளியே நிகழ்ந்தது என்று கண்டுபிடித்தது. விஷயம் வெளியே வராமலிருக்க அவர் விலகிக்கொண்டார். காரணம் புரியாமல் ஸாஸா துடித்தார். தாயின் சொல்லைக் கடவுளின் சித்தம் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்குத் தாயை மறுப்பதும் கடவுளை மறுப்பதும் ஒன்றாகவே பட்டன. 1929 நவம்பர் 25 அன்று மூளைக் காய்ச்சலில் இறந்தார். 22 வயது முடிய ஒரு மாதம் இருந்தது. அதே ஆண்டுதான் தத்துவ ஆசிரியருக்கான அக்ரெகாசியோன் தேர்வில், சிமோனின் வாழ்நாள் தோழரான சார்த்தர் முதலாவதாகவும் சிமோன் இரண்டாவதாகவும் தேறினார்கள். சிமோனுக்கு 21 வயது. விசாரணை நடந்த கதையை ஸாஸாவின் சகோதரி சொல்லி அவர் அறிந்துகொண்டது 1958க்குப் பிறகு. தன் விடுதலைக்கு ஸாஸாவின் உயிர்தான் விலையாகப் போனதோ என்ற எண்ணத்தோடு 1958இல் வெளியான தன்வரலாறு முடிகிறது.

கத்தோலிக்க வளர்ப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஸாஸா ஒருவரே போதும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஸாஸாவின் கடிதங்களில் கடைசிவரை விசுவாசம் இருக்கிறது. அவரை நசுக்கியதில் நோய்க்கு அடுத்த பங்கு, கோயிலின் கடவுளுக்கும் குடும்ப கௌரவத்துக்கும் நடுவே கோடு போடாத வளர்ப்புக்கு உள்ளது. அந்தக் கோடு ஃபிளானரிக்கு எப்படியோ கிடைத்திருந்தது. ரெஜினா ஓ’கானரும் சாதாரணத் தாயல்ல. கறார்ப் பேர்வழி, மகளின் கதைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கடைசிவரை புரியாதவர். ஆனாலும் மகள் அயோவாவுக்கு ரயிலேறுவதைத் தடுக்கவில்லை.

இரண்டு சோதனைகளும் எட்டாமல் விட்ட இடங்கள் உண்டு. அவற்றை மறைத்தால் இந்த ஒப்பீடு நேர்மையாக இராது. ஃபிளானரியின் வளர்ப்பில் செபமாலையோடு நிறவெறியும் சேர்ந்தே வந்தது. வெள்ளைத் தெற்கின் பழக்கங்களைக் கதைகளில் கூர்மையாகக் கிழித்தவர், தனிக் கடிதங்களில் கறுப்பின மக்களைப் பற்றி இழிவாக எழுதியிருக்கிறார். 2020இல் மேரிலாந்தின் லயோலா பல்கலைக்கழகம் ஒரு விடுதிக்கு இட்டிருந்த அவர் பெயரை நீக்கியது. அயோவாவில் விசுவாசத்தை இவ்வளவு உரசிப் பார்த்தவர் இதை அந்த அளவுக்கு உரசவில்லை. சிமோன் பக்கமும் ஒரு நூல் இருக்கிறது. அவருடைய பள்ளி மாணவியாக இருந்த பியாங்கா லாம்பிளேன் 1993இல் தன் நினைவுகளை வெளியிட்டார். சிமோனோடும் சார்த்தரோடும் ஏற்பட்ட உறவில் தான் பயன்படுத்தப்பட்டுக் கைவிடப்பட்டதை அதில் சொல்கிறார். நூலின் தலைப்பு ‘ஒழுங்கு குலைந்த ஒரு பெண்ணின் நினைவுகள்’. ஆசிரியையின் தலைப்பை மாணவி பதிலாகத் திருப்பித் தந்திருக்கிறார். பெரியவர்களின் அதிகாரத்தால் இளம்பெண்ணுக்கு என்ன நேரும் என்று உலகுக்குச் சொன்னவர் தன் அதிகாரத்தை அதே கண்ணால் பார்க்கவில்லை. எனக்கு இருவர்மீதும் மதிப்புக் குறையவில்லை, வருத்தம் கூடியது.

1962 மே மாதம் எமரி பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ஒருவர், பின்னாளில் கவிஞராக அறியப்பட்ட ஆல்ஃபிரெட் கார்ன், தன் விசுவாசம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஃபிளானரிக்கு எழுதினார். பதில் கடிதத்தில் ஃபிளானரி அவரைத் திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. விசுவாசம் போய்விட்டதாக உணர்வதும் விசுவாசத்தின் அனுபவங்களில் ஒன்றுதான் என்றார். எதிர்த்தரப்பு நூல் ஒன்றைப் படித்தால் இந்தத் தரப்பிலும் ஒன்றைப் படி என்றார். கல்லூரியில் தன்னைச் சந்தேகவாதியாக வைத்திருந்ததே தன் கிறிஸ்தவ நம்பிக்கைதான், புதுக் கருத்து எதையும் உடனே விழுங்காதே, பொறுத்துப் பார் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது என்றும் எழுதினார். சிமோனுக்குப் பதினைந்து வயதில் யாராவது இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். அவர் விசுவாசத்தில் நிலைத்திருப்பாரா என்பது என் கேள்வியில்லை. பெல்வில் என்று பொய் சொல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க முடியும்.

ஃபிளானரி 1964 ஆகஸ்ட் 3 அன்று, தந்தையைக் கொண்டுபோன அதே லூபஸ் நோயில், 39 வயதில் இறந்தார். கடைசி மாதங்களில் மருத்துவமனையில் வேலை செய்யக் கூடாது என்று தடை. கதையின் கைப்பிரதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்து, ஆள் இல்லாதபோது எடுத்துத் திருத்தினார்.

அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் பாரிசில் பிரான்சுவாஸ் த பொவ்வார் புற்றுநோயில் இறந்தார். செபமாலையும் பூசையுமாக வாழ்ந்த அந்தத் தாய், படுக்கையில் குருவானவரைக் கூப்பிடச் சொல்லவில்லை. அவருக்கு வாழ ஆசையிருந்தது. நம்பிக்கை இல்லாத மகள் பக்கத்திலேயே இருந்தார். ஒருநாள் இரவு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, அம்மாவின் வாய் அன்று எப்படி இருந்தது என்று சார்த்தரிடம் சொல்லும்போது அழுகை பீறிட்டது. சார்த்தர் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார்: சிமோனின் வாய் சிமோனுடைய கட்டுப்பாட்டில் இல்லை. அம்மாவின் வாயைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, அது அசைவதைப் போலவே அசைத்துக்கொண்டிருந்தார்.